‘நான்சென்ஸ்’ என்று சொல்லுமுன்

நமது பத்திரிகையில் இலக்கியமும் பக்தியும் எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ டிப்ளமோ முடித்து, 1981-ல் ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன். ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவள் என் பேத்தி.

ஒருநாள் இரவு சாப்பிடும்போது டி.வி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல் “நான்சென்ஸ்!” என்றேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “தாத்தா, கரண்ட் போனாலும் நான்சென்ஸ், தோசை ஓரம் கருகினாலும் நான்சென்ஸ், மினிஸ்டர் பேசினாலும் நான்சென்ஸ். உங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதா?” என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி, “நல்லா கேளு” என்று குரல் கொடுத்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வருஷப் பாக்கி அது.

மறுநாள் அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. அர்த்தமில்லாத பேச்சைத் திட்டுவதற்கு வெள்ளைக்காரன் இவ்வளவு சொற்களைச் சேர்த்து வைத்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. அதைவிட, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக்கு மேல் குப்பைத்தொட்டியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வந்திருக்கிறது.

‘ரப்பிஷ்’ என்றால் ஆதியில் இடிந்த கட்டடத்தின் கல்லும் சுண்ணாம்பும். இங்கே தில்லியில் வீடு இடித்துக் கட்டுகிறவன் தெருவோரம் கொட்டி வைத்து, மாதக்கணக்கில் எடுக்காமல் விடுகிறானே, ‘மல்பா’, அதேதான். ஒருவர் பேச்சை ‘ரப்பிஷ்’ என்றால் ‘உன் பேச்சு மல்பா’ என்று அர்த்தம். ‘ஹாக்வாஷ்’ என்பது பன்றிக்கு ஊற்றும் கழுநீர். நம் வீடுகளில் மாட்டுக்கு வைக்கிற கழுநீரில் கொஞ்சம் தவிடும் சாரமும் இருக்கும். இதில் அதுவும் இல்லை போலும். ‘பால்டர்டாஷ்’ என்ற சொல் பழைய காலத்தில், ஒன்றோடொன்று சேராத பானங்களைக் கலந்த கலவைக்கும் பெயராக இருந்தது. பாலும் பீரும் கலந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘பாப்பிகாக்’ என்று ஒன்று உண்டு. அதற்கு டச்சு மொழியில் காட்டப்படும் மூலம் குடும்பப் பத்திரிகையில் எழுதத் தக்கதல்ல.

சில சொற்களுக்கு ஊர், பெயர், தேதி எல்லாம் உண்டு. 1820-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மிசௌரி மாநிலப் பிரச்சினை பற்றிய விவாதம் முடிந்து ஓட்டெடுப்புக்குப் போக வேண்டிய நேரம். வட கரோலினாவின் பங்க்கம் என்ற மாவட்டத்துக்குப் பிரதிநிதியான பெலிக்ஸ் வாக்கர் எழுந்து, விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேச்சைத் தொடங்கினார். சகாக்கள் உட்காரச் சொன்னார்கள். தான் சபைக்காகப் பேசவில்லை, பங்க்கத்துக்காகப் பேசுகிறேன் என்றாராம். ஊர்க்காரர்கள் பேப்பரில் படிக்க வேண்டுமல்லவா! அன்றிலிருந்து ‘பங்க்கம்’ என்றால் வெற்றுப் பேச்சு. அதைச் சுருக்கி ‘பங்க்’ என்றார்கள். பொய்யைத் தோலுரிக்க ‘டிபங்க்’ என்று ஒரு வினைச்சொல்லும் பிறந்தது. இப்போது செய்தித்தாள்களில் தினமும் பார்க்கிறோம். நம் தமிழ் ‘பங்கம்’ வேறு. ஆனால் பேசினவருக்கு ஏற்பட்டது அதுதான்.

‘பாஷ்’ என்பது துருக்கிச் சொல். காலி, வெற்று என்று பொருள். ஜேம்ஸ் மோரியர் என்பவர் 1834-ல் வெளியிட்ட ‘ஆயிஷா’ என்ற நாவல் மூலம் இங்கிலாந்தில் பரவியது. ‘கிளாப்டிராப்’ நாடகக் கொட்டகைச் சொல். கைதட்டலைப் பிடிக்க வைக்கும் பொறி. வசனத்தின் கடைசியில் தேசம், தாய் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுக் குரலை உயர்த்தினால் கைதட்டல் வந்து மாட்டும் அல்லவா? நம் மேடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘கோபிள்டிகூக்’ என்பதை மாரி மேவரிக் என்ற அமெரிக்க அதிகாரி 1944-ல் உண்டாக்கினார். அரசாங்கக் கடிதங்களின் நடை வான்கோழி கத்துவதைப் போல் இருக்கிறது என்று எரிச்சல்பட்டு வைத்த பெயர். முப்பத்தெட்டு வருஷம் சர்க்குலர் படித்த எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘காட்ஸ்வாலப்’. இதற்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் கழுத்தில் கண்ணாடிக் குண்டு வைத்த சோடா புட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆம், நம் ஊர் கோலி சோடாதான். தில்லிக்காரர்கள் ‘பண்ட்டா’ என்று சொல்லி எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்டுத் தருகிறார்களே, அதே புட்டி. ‘வாலப்’ என்றால் கொச்சையில் பீர். சாராயக்காரர்கள் காட் புட்டியில் வரும் சப்பென்ற பானத்தைக் கேலியாக ‘காட்டின் பீர்’ என்றார்களாம், அதுவே அர்த்தமற்ற பேச்சுக்குப் பெயராயிற்றாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் புட்டி வந்து எண்பது வருஷத்துக்கு மேல், 1950-களின் கடைசி வரை, அந்தச் சொல் எந்த எழுத்திலும் தென்படவில்லை என்கிறார்கள் அகராதிக்காரர்கள். அதாவது அந்தக் கதையே ஒரு காட்ஸ்வாலப்.

நாமும் இந்தக் கணக்கில் கொஞ்சம் கொடுத்திருக்கிறோம். 1886-ல் யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘கப்’ இருக்கிறது. இங்கே நாம் தினம் கேட்கும் ‘கப்-ஷப்’தான். ‘பக்னா’ என்ற இந்தி வினையிலிருந்து, ஓயாமல் பெருமையடித்துப் பேசுவதற்கு ‘பக்’ என்று வெள்ளைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘பக்னா’வின் உறவுதான் ‘பக்வாஸ்’. நம் பிள்ளைகள் ‘நான்சென்ஸ்’ கற்றுக்கொள்வதற்கு முன் பார்க்கிலேயே இதைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சரி, இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாம் ஒரே அர்த்தம் என்று எடுத்து வீசினால் சங்கடம். தமிழிலும் அப்படித்தானே? ‘உளறல்’ வேறு, ‘சரடு’ வேறு, ‘பம்மாத்து’ வேறு. காய்ச்சல்காரன் உளறுவான், சரடு விடமாட்டான். சரடு விடுகிறவனுக்குத் தான் விடுவது சரடு என்று தெரியும். ‘ஹம்பக்’ என்று நம் பெரியவர்கள் திட்டுவார்களே, அதில் பொய் வேஷம், ஏமாற்று என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அது பம்மாத்து. கணக்கைத் தப்பாகப் போட்ட பையனை ‘ஹம்பக்’ என்று சொல்லக்கூடாது, அவன் ஏமாற்றவில்லை. ‘ட்வாடில்’, ‘பிஃபில்’, ‘டாஷ்’ எல்லாம் லேசானவை. நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ‘காட்ஸ்வாலப்’, ‘பால்டர்டாஷ்’ இரண்டிலும் வேடிக்கை தூக்கல், கோபமாகச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். ‘ரப்பிஷ்’ முரட்டுச் சொல். எருதின் சாணத்தை வைத்து ஒரு சொல் இருக்கிறது. இளைஞர்கள் ‘பி.எஸ்.’ என்று சுருக்கி, சுருக்கியதாலேயே சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில்கூடச் சொல்கிறார்கள். சுருக்கினாலும் சாணம் சாணம்தான். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் இதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

‘நான்சென்ஸ்’ விஷயத்துக்கு வருகிறேன். நாம் செய்யும் தப்பு ஒன்று உண்டு. “யூ நான்சென்ஸ்!” என்று ஆளைப் பார்த்துச் சொல்கிறோம். பழைய தமிழ் சினிமாவில் கோட்டு போட்ட அப்பாக்கள் மருமகனைப் பார்த்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இது வழக்கமில்லை. ஒருவர் முட்டாளாக இருக்கலாம், நான்சென்ஸாக இருக்க முடியாது. பேச்சுதான் நான்சென்ஸாக இருக்கும், செயல்தான் நான்சென்ஸாக இருக்கும். “டோன்ட் டாக் நான்சென்ஸ்” என்பது சரி. “ஸ்டாப் திஸ் நான்சென்ஸ்” என்றால் இந்தச் சேட்டையை நிறுத்து என்று பொருள். இது பிள்ளைகளிடம் சொல்லத்தக்கது. ‘நோ-நான்சென்ஸ் ஆபீசர்’ என்றால் பாராட்டு, வளவளப்புக்கும் சிபாரிசுக்கும் இடம் கொடுக்காதவர். பேப்பரில் ஓர் அமைச்சர் ஓர் அறிக்கையை ‘ரப்பிஷ்’ செய்தார் என்று தலைப்பு வந்தால் அவர் அதைக் குப்பை என்று ஒதுக்கித் தள்ளினார் என்று கொள்ள வேண்டும்.

பேச்சைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது என்று இலக்கணம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. கேட்பவர் அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் லால்குடிப் பக்கம். விழுப்புரம் – திருச்சி கார்டு லைனில் டால்மியாபுரம் ஸ்டேஷன் எங்களுக்கு எட்டிய தூரம். சிமெண்ட் ஆலை வந்தபின் ஆலை அதிபர் பெயரால் அமைந்த பெயர். ஊரின் பழைய பெயர் கல்லக்குடி. 1953-ல் தி.மு.க. ‘மும்முனைப் போராட்டம்’ அறிவித்தது. ஒரு முனை ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்கு எதிராக. இரண்டாவது டால்மியாபுரத்தைக் கல்லக்குடி ஆக்க. இவை இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்றாவது முனை என்ன தெரியுமா? பிரதமர் நேரு அவர்களின் கிளர்ச்சிகளை ‘நான்சென்ஸ்’ என்று சொல்லிவிட்டார் என்பது. அதைக் கண்டித்து மாநிலம் முழுவதும் ரயில்களை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள்.

நேருவுக்கு அது சாதாரணச் சொல்லாக இருந்திருக்கலாம். ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள் சாப்பாட்டு மேஜையில் நாலு தடவை சொல்லும் சொல். ஆனால் அதே சொல் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கும்போது அதன் எடை வேறாகிவிட்டது. மேலே இருப்பவர், எங்கோ தில்லியிலிருந்து, கீழே இருப்பவனைப் பார்த்து ‘உன் குறையெல்லாம் ஒரு குறையா’ என்று கேட்டதாக அது காதில் விழுந்தது. 1953 ஜூலை 15-ம் தேதி கல்லக்குடியில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தூத்துக்குடியிலும் அப்படியே. என் தகப்பனார் அன்று அரியலூரிலிருந்து திரும்ப வண்டியில்லாமல் ராத்திரி முழுவதும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு அரசியல் கிடையாது. “ஒரு வார்த்தைக்கு வண்டியை நிறுத்திட்டாங்கப்பா” என்பார். ஸ்டேஷனில் இப்போது இருப்பது கல்லக்குடி பழங்காநத்தம் என்ற பெயர்ப் பலகை.

அந்தப் போராட்டம் சரியா தவறா என்ற வாதத்துக்கு இது இடமல்ல. தில்லியிலேயே அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. 2013 செப்டம்பர் 27-ம் தேதி, தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகளின் பதவியைக் காப்பாற்றும் அவசரச் சட்டத்தை, ரெய்சினா சாலை பிரஸ் கிளப்பில் ராகுல் காந்தி ‘முழு நான்சென்ஸ்’ என்றார், கிழித்தெறிய வேண்டும் என்றார். அவர் திட்டியது ஒரு காகிதத்தை. அந்தக் காகிதத்துக்கு ஒப்புதல் கொடுத்தது அவர் கட்சியின் தலைமையிலான அமைச்சரவை. பிரதமர் மன்மோகன் சிங் அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவசரச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் நல்லதா கெட்டதா என்பது மறந்து, அந்தச் சொல் யார் முகத்தில் விழுந்தது என்பதையே இந்த ஊர் வருஷக்கணக்கில் பேசியது.

நாடாளுமன்றத்திலும் சபைக்கு ஒவ்வாத சொற்களுக்கென்று புத்தகமே போட்டிருக்கிறார்கள். 2022 ஜூலையில் புதுச் சேர்க்கைகள் வெளியானபோது பெரிய சச்சரவு. எந்தச் சொல்லுக்கும் தடையில்லை, பேசும் சந்தர்ப்பத்தைப் பார்த்துத்தான் குறிப்பிலிருந்து நீக்குகிறோம் என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். சொல் அல்ல, சந்தர்ப்பம் என்றது எனக்குச் சரியாகத்தான் பட்டது. நமக்கோ வீட்டிலும் வேலையிடத்திலும் சொன்னதைக் குறிப்பிலிருந்து நீக்கித் தர ஆள் கிடையாது.

இதுவரை பிறத்தியார் கதை சொன்னேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், வடக்கே ஒரு செக்‌ஷனில் நான் பி.டபிள்யூ.ஐ. வயது இருபத்தாறு. ஜனவரி மாதம். வடநாட்டுக் குளிரில் ராத்திரி ரயில் சுருங்கும். நீளமாக வெல்டு வைத்து இணைத்த தண்டவாளம் சுருங்க இடமில்லாமல் இழுபடும். எங்காவது பலவீனம் இருந்தால் விடியற்காலை அங்கே முறியும். அதனால்தான் குளிர்காலத்தில் கூடுதல் ரோந்து. எங்கள் கீமேன் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், தினமும் சுத்தியலோடு தன் பீட் முழுவதும் நடப்பவர். ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து, ஓர் இடத்தைச் சொல்லி, வெல்டுக்குப் பக்கத்தில் தட்டினால் “ஆவாஸ் டீக் நஹீன் ஹை, சாப்” என்றார். சத்தம் சரியில்லையாம். ஒருமுறை வந்து பாருங்கள் என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அல்ட்ராசானிக் மெஷின் அந்த இடத்தைச் சோதித்து ‘நல்லது’ என்று குறி போட்டிருந்தது. மெஷின் கேட்காத சத்தம் இவர் காதுக்குக் கேட்டதா? மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் “நான்சென்ஸ்” என்றேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். ரயில்வேயில் எல்லாக் கீமேனுக்கும் அது தெரியும், அதிகாரிகள் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன், டியூட்டி நேரத்துக்கு முன்பே, அவராகவே எழுந்து அங்கே போயிருக்கிறார். தண்டவாளம் முறிந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. சட்டப்படி 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்றும், மூடுபனியில் ஓடிப் போய் வைத்துவிட்டுச் சிவப்பு விளக்கோடு நின்றிருக்கிறார். வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டி வெடிச் சத்தம் கேட்டு நின்றது. அதற்குப் பின்னால் வர வேண்டியது ஒரு பாசஞ்சர்.

நான் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. முறிவுக்குப் பக்கத்தில் முந்தின நாள் தான் சாக்கட்டியால் போட்டிருந்த கோட்டைச் சுத்தியல் முனையால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். ஃபிஷ்பிளேட் போட்டு கிளாம்ப் இறுக்கி வண்டியை அனுப்பினோம். சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினேன். கீமேன் கண்டுபிடித்து உரிய பாதுகாப்புச் செய்தார் என்று அவர் பெயரோடு எழுதினேன். அவருக்கு ரொக்கப் பரிசும் கிடைத்தது. முந்தின நாளே என்னிடம் வந்து சொன்னார் என்பதை எழுதவில்லை.

அந்த செக்‌ஷனில் மேலும் இரண்டு வருஷம் இருந்தேன். அவர் ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை. ஆனால் ‘ஆவாஸ்’ பற்றி மட்டும் என்னிடம் பிறகு பேசவேயில்லை. சந்தேகம் வந்தால் மேட்டிடம் சொல்வார், மேட் என்னிடம் சொல்வார். நானாகப் போய்க் கேட்டால் “சப் டீக் ஹை, சாப்” என்பார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருபத்தாறு வயது, மேஜைக்குப் பின்னால் நாற்காலி. கேட்டிருக்கலாம்.

ஆகவே பேத்திக்கு நான் தயாரித்த பட்டியலில் சொற்களை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். சமவயதுத் தோழிகளிடம் சிரித்துச் சொல்லத்தக்கவை. எழுதலாம், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாதவை. தாத்தா உயிரோடு இருக்கும்வரை வீட்டில் கேட்கக்கூடாதவை. வாட்ச்மேன், வேலைக்கு வரும் அம்மா, ஆட்டோக்காரர் ஆகியோரிடம் எந்தப் பிரிவுச் சொல்லும் வேண்டாம், “ஆர் யூ ஷ்யூர்?” அல்லது “பக்கா?” என்று கேள்வியாகவே கேள் என்று அடியில் குறித்திருக்கிறேன். படித்துப் பார்த்தவள், “இதுல நீங்க எதைச் சொல்லப் போறீங்க, தாத்தா?” என்றாள்.

நேற்று மறுபடி தோசை ஓரம் கருகியிருந்தது. “காட்ஸ்வாலப்” என்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, “என்னங்க, தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.